பாலம் உடைந்த வருஷம்

காப்பீட்டு ஆபீசின் மூன்று வரிசையிலும் ஜிப்புக்காரம்மா நின்று பார்த்தாயிற்று. முதல் வரிசை ஆலைத் தொழிலாளர் காப்பீட்டுக்கு. "வேலையை விட்டு நின்னதுலேருந்து அஞ்சு வருஷம் வரைக்கும்தாம்மா அது. உங்க வீட்டுக்காரருக்குப் போன வருஷமே முடிஞ்சுபோச்சு" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது வரிசை ஏழைக் குடும்பக் காப்பீட்டுக்கு. அங்கே, "மாசாமாசம் ஆலை பென்ஷன் வருதில்ல? அப்ப நீங்க எப்படி ஏழை?" என்று கேட்டார்கள். அந்தப் பென்ஷன் வாடகைக்கும் மாத்திரைக்கும் போன பிறகு என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாவது வரிசைதான் முதியோர் காப்பீட்டுக்கு. எழுபது முடிந்தவர் யாராயிருந்தாலும் சரி, பென்ஷன் வந்தாலும் வராவிட்டாலும் சரி, இதய ஆபரேஷன் வரைக்கும் முழுச் செலவையும் அரசாங்கமே ஏற்கும் என்று அந்த ஜன்னலுக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஜிப்புக்காரம்மா அதை நான்கு தரம் படித்துவிட்டுத்தான் கணவரின் அட்டையை உள்ளே நீட்டினாள்.

ஜன்னலுக்குள் இருந்தது தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அட்டையைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"இவருக்கு அறுபத்தாறுதானேம்மா ஆகுது. இன்னும் நாலு வருஷம் இருக்கே."

"நாலு வருஷம் அவரு இருக்க மாட்டாரும்மா."

அழுகையோடு சொல்லியிருந்தால் கண்ணாடியம்மாள் பழக்கப்பட்ட ஓர் ஆறுதலைச் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாள். இது ஏதோ அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோல இருந்ததால் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

விஷயம் இதுதான். கணவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டி, "ஆபரேஷன் பண்ணினா பத்து வருஷம் நல்லா ஓடும். பண்ணலேன்னா ஆறு மாசம், மிஞ்சிப்போனா ஏழு" என்று சொல்லியிருந்தார். மூளைக்கு ரத்தம் சரியாக ஏறாததால்தான் மறதியும் தடுமாற்றமும். காலையில் தெளிவாக இருப்பார், பொழுது சாயச் சாயக் குழம்புவார் என்றும் சொன்னார். செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர் சொன்ன தொகை, அவர்கள் குடியிருக்கும் வீட்டை விற்றால் வரக்கூடிய தொகை. அந்த வீடோ அவர்களுடையது இல்லை. தர்ம ஆஸ்பத்திரியில் பெயர் எழுதி வைத்தாயிற்று. முறை வர ஒன்றரை வருஷம்.

ஜிப்புக்காரம்மா ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, அவருக்கு நிஜத்துல எழுபத்திரெண்டு. ஆலையில சேரும்போது ஆறு வயசைக் குறைச்சு எழுதிட்டாங்க."

"வேகன் ஆலையா?"

"ஆமாம்மா."

"இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு" என்றாள் கண்ணாடியம்மாள். "பள்ளிக்கூடச் சான்று, பிறப்புச் சான்று, எதாவது இருக்கா?"

"வீட்டுல பொறந்தவரு. அஞ்சாங்கிளாஸ் படிச்ச பள்ளிக்கூடம் இப்ப இல்ல. இருக்கிற காகிதம் பூரா ஆலைக் காகிதத்தைப் பாத்து எழுதினதுதான்."

"அப்ப வயசு நிர்ணயக் குழுவுக்கு எழுதிப் போடுங்க. ரெண்டு டாக்டர், ஒரு அதிகாரி. நேர்ல பாத்து விசாரிச்சு எழுபது முடிஞ்சதுன்னு ஒரு தாள் குடுத்தாங்கன்னா போதும், நான் அன்னைக்கே அட்டை போட்டுத் தரேன்."

"பென்ஷனுக்கு ஏதும் வில்லங்கம் வருமாம்மா?"

"வராது. அது இந்த அட்டைக்கு மட்டுந்தான். ஆலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." கண்ணாடியம்மாள் ஒரு படிவத்தை ஜன்னல் வழியாகத் தள்ளினாள். "ஆனா ஒண்ணு. தோத்துட்டா ஒரு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி எழுதிப் போட முடியும்."

ஒரு வருஷம் என்றால் அவரைப் பொறுத்தவரை இல்லை என்றுதான் அர்த்தம். படிவத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, விடாத தூறலில் அவள் வீட்டுக்கு நடந்தாள்.

*

வீடு என்பது டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஏற இருபத்திரண்டு படி. படியேறியதும் இருக்கிற முதல் அறையில் அவளுடைய தையல் மிஷினும், பல்லுப்போன ஜிப்புகளோடு வந்த பைகளும் ஜாக்கெட்டுகளும் மலையாகக் கிடக்கும். ஜிப்பு ரிப்பேர் என்பது ஊருக்கு அற்ப வேலை. முழு ஜிப்பையும் மாற்றத் தேவையில்லை, பெரும்பாலும் ஓடுகிற தலைதான் தளர்ந்திருக்கும், குறடால் இரண்டு பக்கமும் லேசாக அழுத்தினால் மறுபடி பல்லைக் கவ்வும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வந்தவர் முன்னால் அதைச் செய்ய மாட்டாள். சாயங்காலம் வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த்தான் அழுத்துவாள். ஒரு நொடி வேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கணவருக்கு ரிவெட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. சரக்கு ரயில் பெட்டி செய்கிற வேகன் ஆலையில் இரும்புத் தகட்டோடு தகட்டைச் சேர்த்துப் பழுக்கக் காய்ச்சின ரிவெட்டு ஆணி அடிக்கிற வேலை. காது பாதி போய்விட்டது. கை மட்டும் இன்னும் மண்வெட்டிக் காம்பு கணக்காக இருக்கும்.

ஆலைக்கு ஆள் எடுத்தபோது நாற்பதுக்குக் கீழே என்று விதி. அவருக்கு நாற்பத்திரண்டு. அதுவரை இரும்புக் கதவு அடிக்கிற பட்டறையில் இருந்தவர். பட்டறை படுத்துவிட்டது, கையில் எட்டு வயதுப் பெண். மீசை மேஸ்திரி ஒருவன் ஆள் சேர்த்துவிடுகிற வேலை செய்துகொண்டிருந்தான். ஒரே மத்தியானத்தில், ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்து, பதினாலு பேரின் வயதைக் குறைத்து எழுதிக்கொடுத்த மகானுபாவன்.

"ரெண்டு வருஷம் குறைச்சாப் போதுமே, ஆறு எதுக்கு?" என்று ரிவெட்டு கேட்டாராம்.

"யோவ், சேர்றதை மட்டும் பாக்காத. அறுபதுல வெளிய அனுப்புவான். அன்னைக்கு இந்த ஆறு வருஷக் கூலிக்கு என்னைக் கும்பிடுவ" என்றானாம் மேஸ்திரி.

கும்பிடத்தான் செய்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவளும் சிரித்தாள். "ஏழு வயசு மூத்தவருன்னு சொல்லித்தான் எங்க வீட்டுல கட்டிக் குடுத்தாங்க. இப்ப ஒரு வயசு. மேஸ்திரி இன்னும் ரெண்டு குறைச்சிருந்தா நான் உங்களுக்கு அக்கா."

சிரிப்பு நாலு மாசம்தான். தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தோளைத் தட்டிக் கேள்வி கேட்டார்கள். பொறந்த வருஷம் என்ன? கல்யாணத்தப்ப என்ன வயசு? ஆற்றுப்பாலம் உடைஞ்சப்ப எத்தனை வயசு? அந்த ஊரில் எல்லார் வயதுக்கும் அந்தப் பாலம்தான் கணக்கு. பதினாலு பேரில் குட்டையன் என்று ஒருத்தர், பாலம் உடைந்தபோது மீசை அரும்பியிருந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றைக்கே சாப்பாட்டு டப்பாவோடு வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள். அவர் பெண்டாட்டி அப்போது எட்டு மாதம்.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கு ஜிப்புக்காரம்மா கணவரை எதிரில் உட்கார வைத்தாள். ஆறு வயது குறைந்தால் போதாது, வாழ்க்கை முழுக்க ஆறு வருஷம் நகர வேண்டும் என்று அவளுக்குத்தான் முதலில் உறைத்தது. ஒவ்வொன்றாக நகர்த்தினாள். வேலைக்குப் போன வயது, கல்யாண வயது, பெண் பிறந்தபோது இருந்த வயது. பாலத்துக்கு வந்தபோது, "அப்ப உங்களுக்கு ஆறு. ஆறு வயசுப் பையன் தனியாவா போயிருப்பான்? அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்னு சொல்லுங்க" என்றாள்.

"அப்பாதான் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே செத்துட்டாரே."

"அதை எவன் வந்து கேக்கப்போறான்?"

உள்ளது வேறு. பாலம் உடைந்தபோது அவருக்குப் பன்னிரண்டு. கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மிதந்து வந்த பாலத்துப் பலகைகளை இழுத்துப் போட்டு, விறகுக்கு விற்று அம்மாவிடம் கொடுத்தார். ஒரு பலகையோடு ஒரு ஆளின் சட்டையும் வந்தது. அதை அவர் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தரம் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் பரீட்சை. செருப்பு மாட்டும்போது, முகம் கழுவும்போது, சாப்பிட உட்கார்ந்ததும், எதிர்பாராத நேரமாகப் பார்த்து அவள் கேட்பாள்.

"பொறந்த வருஷம்?"

"அம்பத்தெட்டு."

"பாலம்?"

"ஆறு வயசு. அப்பா தோள்ல."

சரியாகச் சொன்னால், அவித்த முட்டையை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை அவர் தட்டில் வைப்பாள். தப்பாகச் சொன்னால் சின்னப் பாதி. பெண் போய்ப் பள்ளிக்கூடத்தில் உளறிவிடக் கூடாதென்று அவளுக்குச் சொல்லவே இல்லை. தலைமை ஆபீஸ் ஆட்கள் இருபத்துநாலு வருஷத்தில் ஒன்பது தரம் வந்தார்கள். ரிவெட்டு ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. வந்து, "இன்னைக்குக் கேட்டான். டாண்ணு சொன்னேன்" என்பார், முட்டைக்குக் கையை நீட்டிக்கொண்டே. மீசை மேஸ்திரி சொன்ன ஆறு வருஷக் கூலியும் வந்தது. பெண்ணை நர்சரிப் பள்ளி டீச்சருக்குப் படிக்க வைத்தது அந்தக் கூலிதான்.

*

பெண்ணுக்கு இப்போது முப்பத்தெட்டு. கட்டிக்கொண்டவன் விட்டுப் போனதிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். அம்மா படிவத்தை எடுத்து வைத்து விஷயத்தைச் சொன்னதும் அவள் அதைத் தன் பக்கம் இழுத்து, பிறந்த வருஷம் எழுதும் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"அப்ப எனக்கு எங்க அப்பா வயசே தெரியாதா?"

"தெரிஞ்சு என்ன பண்ணியிருப்ப?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். ரிட்டையர் ஆனதும் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்னாரே, அறுபதுதானே, போகட்டும்னு நானும் விட்டேன். அறுபத்தாறுன்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா? மூணு வருஷம் குளிர்ல உக்காந்தாரே அம்மா."

ஜிப்புக்காரம்மா எழுந்து போய் அடுப்பில் பாலை ஏற்றினாள்.

குழுவின் கடிதம் மூன்று வாரத்தில் வந்துவிட்டது. இன்ன தேதி, காலை பத்து மணி. பத்து மணி என்றதும் அவளுக்குப் பெரிய நிம்மதி. காலையில் அவர் தெளிவாக இருப்பார். பன்னிரண்டு நாள் கையில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்த வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

முதல் நாள் காலை, ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டாள்.

"பொறந்த வருஷம்?"

"அம்பத்தெட்டு" என்றார், ரொட்டி சொட்டுவதற்குள்.

"இல்லைங்க. அம்பத்திரெண்டு. இனிமே அம்பத்திரெண்டுன்னு சொல்லணும்."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். "ஆளு வந்திருக்கானா?"

"ஆலை எல்லாம் முடிஞ்சுபோச்சு. இது டாக்டருங்க. உள்ளதைச் சொன்னாத்தான் ஆபரேஷன்."

"உள்ளதா?" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "அம்பத்திரெண்டு. சரி. அம்பத்திரெண்டு."

வருஷம் மூன்றே நாளில் படிந்துவிட்டது. கல்யாண வயதும் வேலைக்குச் சேர்ந்த வயதும் படிந்தன. எண்கள்தானே, எண்ணை எண்ணால் மாற்றிவிடலாம். பாலத்துக்கு வந்தபோதுதான் வண்டி நின்றது.

"பாலம்?"

"அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்."

"இல்லைங்க. உங்களுக்கு அப்பப் பன்னெண்டு வயசு. கரையில நின்னு பலகை இழுத்தீங்க. நெனச்சுப் பாருங்க."

"அப்பா?"

"அப்பா இல்ல."

"எங்க போனாரு?"

அவள் குறடைக் கீழே வைத்தாள். "அவரு செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆயிருந்துதுங்க."

ரிவெட்டு டம்ளரை வைத்துவிட்டார். முகம் மெல்ல மெல்லக் கலங்கியது. "எப்ப? யாரும் எங்கிட்டச் சொல்லலையே" என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தத் தோள் அவருக்கு வந்துவிட்டது. வெறும் தோள் இல்லை. அப்பா பனியன் போட்டிருந்தாராம், கழுத்துப்பக்கம் வியர்வை இருந்ததாம், விழுந்துவிடாதபடி இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். இதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. பத்து வயதில் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அவள் ஒரு வாய் வார்த்தையாகக் கொடுத்த அப்பனை, அவர் பத்திரமாக வைத்து வளர்த்திருக்கிறார்.

மறுநாள் காலை மறுபடி கேட்க வேண்டியிருந்தது. மறுபடி அதே கேள்வி, அப்பா எங்க போனாரு. மறுபடி அதே பதிலை அவள் சொன்னாள். ஒவ்வொரு காலையும் அவருக்கு அது புதுச் சாவு. ஏழாம் நாள் பெண் அடுப்படியிலிருந்து வந்து நடுவில் நின்றாள்.

"போதும்மா. விடு அவரை."

"விட்டுட்டு?"

"வயசை மட்டும் கேப்பாங்க. பாலத்தை எல்லாம் எவன் கேக்கப்போறான்?"

இதே வார்த்தையை முன்னே தான் சொன்னது ஜிப்புக்காரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. "கேப்பாங்க. இந்த ஊர்ல அதைத்தான் கேப்பாங்க. நீ உள்ள போ" என்றாள். எழுத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு அவள் கல்நெஞ்சுக்காரி என்று தோன்றலாம். அன்று முழுக்க அவள் தைத்த நாலு ஜிப்பும் கோணல்.

ஒன்பதாம் நாள், "பாலம்?" என்றதும், "பன்னெண்டு. பலகை இழுத்தேன். அப்பா இல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பத்தாம் நாளும் சொன்னார். பதினொன்றாம் நாளும். மூன்று நாளும் பெரிய பாதி முட்டையை வைத்தாள். மூன்று நாளும் அவர் அதைத் தொடவில்லை.

*

பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் பதினொன்றரைக்குத்தான் கதவைத் திறந்தார்கள். நீளமான வராந்தா, சுவரோரம் பெஞ்சு, பெஞ்சு முழுக்க வயதானவர்கள். வெளியே தூறல். டோக்கன் பதினேழு. ஜிப்புக்காரம்மா வாசலில் இருந்த பியூனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இவருக்கு மத்தியானத்துக்கு மேல நிதானம் இருக்காது. கொஞ்சம் முன்னால விட முடியுமா?"

"இங்க யாருக்கும்மா நிதானம் இருக்கு?" என்றான் பியூன், கெட்ட எண்ணமில்லாமல்தான். "வரிசையை மாத்தினா அந்தப் பதினாறு பேரும் என்னைத் தின்னுடுவாங்க."

முந்தின நாளே அவள் ஒரு யோசனை செய்து வைத்திருந்தாள். பேனாவை எடுத்து அவருடைய இடது உள்ளங்கையில் ஐம்பத்திரண்டு என்று எழுதினாள், அதற்குக் கீழே பன்னிரண்டு என்று. "தடுமாறிச்சுன்னா கையைப் பாருங்க." அவர் சரி என்று கையை மூடிக்கொண்டார். ஒரு மணிக்குக் குழு சாப்பிடப் போனது. அவளும் பையிலிருந்து ரொட்டியையும் இரண்டு அவித்த முட்டையையும் எடுத்தாள். அவர் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுக் குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையும் முழங்கை வரை நனைந்து பளபளத்தது. இருபத்துநாலு வருஷம் ஆலைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவிய கை. சாப்பிட்டால் அப்படித்தான் கழுவும். உள்ளங்கையில் ஒரு நீலக் கறைகூட இல்லை. பேனாவைத் தேடினாள், பையில் இல்லை. பக்கத்தில் கேட்டு வாங்குவதற்குள் பதினேழைக் கூப்பிட்டுவிட்டார்கள். மணி மூன்றரை.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரங்களில் பல் டாக்டரும் எலும்பு டாக்டரும். நடுவில் அதிகாரி, நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "கூட வந்தவங்க சுவரோரமா நில்லுங்கம்மா. நாங்க கேட்டாத்தான் பேசணும்" என்றார்.

பல்லைப் பார்த்தார்கள், மூட்டை மடக்கிப் பார்த்தார்கள். எலும்பு டாக்டர் அதிகாரியிடம், "சின்ன வயசுன்னா எலும்பு சொல்லிடும் சார். அறுபத்தாறுக்கும் எழுபத்திரெண்டுக்கும் எலும்புல வித்தியாசம் தெரியாது. அவரு வாயாலதான் கேக்கணும்" என்றார்.

அதிகாரி முன்னால் சாய்ந்து, காது கேட்காதவர் என்று சொல்லியிருந்ததால், எட்டி அவர் தோளைத் தட்டினார்.

"பெரியவரே, பொறந்த வருஷம் என்ன?"

அந்தத் தட்டலைப் பார்த்ததுமே ஜிப்புக்காரம்மா சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். ரிவெட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், தோளில் ஒரு கை, திடீரென்று ஒரு கேள்வி. அவர் முதுகு நேரானது.

"அம்பத்தெட்டு" என்றார், டாண்ணு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"யோசிக்க என்ன இருக்குங்க? அம்பத்தெட்டுதான். எப்ப வேணா கேளுங்க."

"சரி. பாலம் உடைஞ்சது ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? எனக்கு அப்ப ஆறு வயசு. எங்க அப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுப் போனாரு. சரியான மழை. மேலேருந்து பாத்தா ஆறு முழுக்கத் தலை தலையா ஜனம். ஒரு பக்கம் அப்படியே சரிஞ்சுது. நான் கத்திட்டேன். அப்பா என் ரெண்டு காலையும் புடிச்சுக்கிட்டு, பயப்படாத, நான் இருக்கேன்ல அப்படின்னாரு." அவர் தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். "இங்க. இங்கதான் புடிச்சிருந்தாரு."

கண்ணில் நீர் நின்றது. ஒரு வாரமாகச் செத்துச் செத்துப் பிழைத்த அப்பா திரும்பி வந்துவிட்டார் என்கிற சந்தோஷம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பல் டாக்டர் லேசாகச் சிரித்தார். இப்படி யாரும் பொய் சொல்ல முடியாது என்று அவர் நினைத்திருப்பார். சரியாகத்தான் நினைத்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டே சுவர்ப்பக்கம் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

சொல்லத்தான் வேண்டும். அவர் உயிரே அதில்தான் இருக்கிறது. அவள் கணவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க மேஜை மேலிருந்த முத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஐயா, அவரு சொன்னது நடக்கலைங்க. பாலம் உடையறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே அவங்க அப்பா செத்துட்டாரு. இவருக்கு அப்பப் பன்னெண்டு வயசு. ஆலையில மாட்டிக்கக் கூடாதுன்னு நாந்தான் அப்படிச் சொல்லச் சொல்லிப் பழக்கினேன்."

ரிவெட்டு நாற்காலியோடு திரும்பி அவளைப் பார்த்தார். நாற்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு நாளும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"இவளுக்கு என்னங்க தெரியும்?" என்றார் அதிகாரியிடம். "இவ அப்ப வேற ஊர்ல சின்னப் பிள்ளை. எங்க அப்பாவை இவ பாத்ததுகூட இல்ல."

"அது சரிதானாம்மா? நீங்க பாத்ததில்லையா?"

"பாத்ததில்லைங்க. ஆனா…"

"அவரு இறந்ததுக்குக் காகிதம் ஏதாவது?"

"இல்லைங்க."

அதிகாரி இரண்டு டாக்டர்களையும் பார்த்தார். பிறகு வருத்தத்தோடுதான் சொன்னார். "காகிதத்துல அறுபத்தாறு. அவரு வாயால அறுபத்தாறு. நீங்க ஒருத்தர் மட்டும் மாத்திச் சொல்றீங்க, அதுவும் பழக்கினது நாந்தான்னு நீங்களே சொல்றீங்க. ஆபரேஷனுக்காக இப்பப் பழக்கலேன்னு நான் எதை வச்சு நம்பறது? நான் இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு எனக்கு விசாரணைம்மா. அடுத்த வருஷம் எழுதிப் போடுங்க."

முத்திரை விழுந்தது. பதினெட்டைக் கூப்பிட்டார்கள்.

*

டயர் கடை வாசலில் ஆட்டோ இறக்கிவிட்டபோது தூறல் விட்டிருந்தது. கடைக்காரன் ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். "என்னண்ணே, போன காரியம் காயா பழமா?" என்று கேட்டான். ரிவெட்டு அவனைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார்.

அவர் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். போன மாதம் எட்டாவது படியில் நிற்பார். இப்போது நாலாவது படியிலேயே மூச்சு முட்டியது. உட்கார வைத்தாள். ஈரச் சிமெண்டு சில்லென்று இருந்தது. அவளும் ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டாள்.

மூச்சு திரும்ப வெகு நேரம் ஆனது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"மூணு பேரு உக்காந்திருந்தான்" என்றார்.

"ஆமா."

"திடீர்னு தோளைத் தட்டினான். நான் தடுமாறவே இல்ல."

"தடுமாறல."

"சரியாத்தானே சொன்னேன்?"

அவள் ஜாக்கெட்டுக்குள் இருந்த, முத்திரை விழுந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தை, மாசி, பங்குனி என்று மனசு தன்பாட்டுக்கு எண்ணத் தொடங்கி, ஏழாவது மாதத்தோடு நின்றது.

"சரியாத்தான் சொன்னீங்க."

"பின்ன நீ எதுக்கு நடுவுல அப்படிச் சொன்ன? அப்பா இல்லேன்னு?"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் அப்ப வேற ஊர்ல சின்னப் பிள்ளை. தெரியாம உளறிட்டேன்."

அவர் அவள் முகத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அப்பா இருந்தாருல்ல?"

"இருந்தாருங்க. தோள்ல வச்சிருந்தாரு. ரெண்டு காலையும் புடிச்சிருந்தாரு."

ரிவெட்டு தலையை ஆட்டிக்கொண்டார். மேலே இன்னும் பதினெட்டுப் படி இருந்தது. பிறகு, கண்ணை மூடியபடியே, பழைய வழக்கமாகக் கையை நீட்டினார். ஜிப்புக்காரம்மா பையைத் திறந்து, மத்தியானம் அவர் தொடாமல் வைத்த முட்டையை எடுத்து உரித்தாள். இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை அந்தக் கையில் வைத்தாள்.